பழைய கணினி என்று யார் முடிவு செய்வது?

2025 அக்டோபர் 14ஆம் தேதி, விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அன்று எந்தக் கணினியும் பழுதாகிவிடவில்லை. முதல் நாள் எப்படி ஓடினவோ அப்படியேதான் மறுநாளும் ஓடின. ஆனாலும் பல வீடுகளில் எழுந்த கேள்வி ஒன்றுதான்: “புதுசு வாங்கணுமா?”

விண்டோஸ் 11க்கு மாறக் கட்டணம் இல்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும்; இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அந்த எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இன் பிற்பாதியில்தான். அதற்கு முன் வாங்கிய மடிக்கணினி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் வாசலிலேயே நிறுத்தப்படும். வீட்டுப் பயனாளர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அதுவும் 2026 அக்டோபர் 13 வரைதான்.

சரி, இருக்கும் கணினியில் நினைவகத்தையாவது கூட்டிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் இது நல்ல நேரமில்லை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போவதால் 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டது. பொதுமக்களுக்கு விற்கும் ‘குருஷியல்’ வணிகத்தை விட்டு வெளியேறப் போவதாக அந்த ஆண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் அறிவித்தது. சிம் லிம் ஸ்குவேரில் ரேம் வாங்கிச் சொந்தமாகப் பொருத்திப் பழகியவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

கட்டுரை எழுதவும் காணொளி பார்க்கவும் பழைய கணினி போதும் என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். புகைப்படங்களைத் திருத்துவது, சுவரொட்டி வடிவமைப்பது என்றதும்தான் முகம் மாறுகிறது. எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மன்றத்தில் புதிதாகச் சேர்பவர்களிடம் வடிவமைப்புப் பணிக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டால், ஆர்வமாகக் கை தூக்கியவர்கள் சிலர் மெல்ல இறக்கிவிடுகிறார்கள். “என்கிட்ட இருக்கிறது பழைய லேப்டாப், ஃபோட்டோஷாப் ஓடாது.” தங்களுக்குத் திறமை இல்லை என்று அவர்கள் சொல்வதில்லை, கணினியைத்தான் சொல்கிறார்கள். இதனால்தான் இந்த விஷயத்தை எழுத நினைத்தேன். நான் பயன்படுத்துவது, அக்கா பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது வாங்கிய மடிக்கணினி. ஆறாம் தலைமுறை ஐ5 பிராசசர், 4 ஜிபி நினைவகம். மன்ற நிகழ்ச்சிகளின் படங்களையும் சுவரொட்டிகளையும் இரண்டு ஆண்டுகளாக இதில்தான் செய்கிறேன். மென்பொருள், ஜிம்ப்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு படத்தைத் திருத்த எவ்வளவு நினைவகம் தேவை என்பதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏ3 அளவுச் சுவரொட்டியை அச்சுத் தரத்தில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் உருவாக்கினால் 3,508 x 4,961 பிக்சல் வரும். கிட்டத்தட்ட 17.4 மில்லியன் பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் தன்மை என நான்கு எண்கள். ஒவ்வொன்றும் ஒரு பைட். ஆக, ஒரு லேயருக்கு ஏறத்தாழ 70 மெகாபைட். ஐந்து லேயர் வைத்தால் 350. இதை 4 ஜிபி கணினி தாராளமாகத் தாங்கும்.

பிறகு ஏன் திணறுகிறது? காரணம் பெரும்பாலும் நம் பழக்கத்தில் இருக்கிறது. கைப்பேசியில் 48 மெகாபிக்சலில் எடுத்த படத்தை அப்படியே உள்ளே இழுத்துப் போடுகிறோம். அந்த ஒரு படமே ஒரு லேயருக்கு 192 மெகாபைட் கேட்கும். அது சுவரொட்டியின் ஓர் ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்குத்தான் வரப்போகிறது என்றால், முதலிலேயே சிறிதாக்கிவிட்டுக் கொண்டுவந்தால் என்ன? பின்னணியில் உலாவியின் இருபது பக்கங்கள் திறந்திருப்பது இன்னொரு காரணம். படம் திருத்தும் மென்பொருளைவிட உலாவி அதிக நினைவகத்தை விழுங்குவதை என் கணினியில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஜிம்ப்பின் அமைப்புகளில் ‘சிஸ்டம் ரிசோர்சஸ்’ என்ற பகுதி உண்டு. செய்த வேலையைப் பின்னோக்கி அழிக்க எத்தனை படிகளைச் சேமித்து வைப்பது, படத்துக்காக எவ்வளவு நினைவகத்தை ஒதுக்குவது ஆகியவற்றை அங்கே மாற்றலாம். என் 4 ஜிபியில் 1 ஜிபியை ஒதுக்கியிருக்கிறேன். 2025 மார்ச் மாதம் வெளிவந்த ஜிம்ப் 3.0இல் ஃபில்டர்களைப் பிறகும் மாற்றிக்கொள்ளும்படி லேயரோடு வைத்திருக்கும் வசதி வந்தது. நல்ல வசதிதான். ஆனால் பழைய பிராசசருக்கு அது கூடுதல் சுமை. முடிவான ஃபில்டரை லேயரோடு இணைத்துவிட்டால் வேகம் திரும்பிவிடும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் ரேமுக்கு முன் வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். நினைவகம் போதாதபோது கணினி ஒதுங்கும் இடம் அதுதான்.

இதை ஃபோட்டோஷாப்போடு ஒப்பிட்டால், அதன் இன்றைய பதிப்புக்குக் குறைந்தது 8 ஜிபி நினைவகம் தேவை. 16 ஜிபி இருந்தால் நல்லது என்று அடோபியே சொல்கிறது. 2013 முதல் அடோபி சந்தா முறைக்கு மாறிவிட்டதால் மாதந்தோறும் பணமும் கட்ட வேண்டும். சந்தாவை இடையில் நிறுத்தினால் கட்ட வேண்டிய கட்டணத்தை அந்நிறுவனம் தெளிவாகச் சொல்லாமல் மறைத்தது என்று குற்றம் சாட்டி, அமெரிக்க அரசு 2024 ஜூனில் வழக்கே தொடுத்தது. மாணவர் விலை மலிவுதான். ஆனால் மாணவர் என்ற தகுதி நிரந்தரமில்லையே.

இலவசம் என்பதில் இரண்டு வகை

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும். கேன்வா இலவசமாகக் கிடைக்கிறது, ஃபோட்டோபீ உலாவியிலேயே ஓடுகிறது, 2025 அக்டோபரிலிருந்து அஃபினிட்டியும் இலவசம். பிறகு எதற்கு ஜிம்ப்?

நானும் கேன்வாவைப் பயன்படுத்துகிறேன். அவசரத்துக்கு அதுதான் கைகொடுக்கும். ஆனால் அஃபினிட்டியின் கதையைக் கொஞ்சம் கவனியுங்கள். சந்தா இல்லாமல் ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் என்றுதான் அது பெயரெடுத்தது. 2024இல் கேன்வா அந்த நிறுவனத்தை வாங்கியது, அடுத்த ஆண்டே கேன்வா கணக்கு வைத்திருப்போருக்கு இலவசம் என்றது. பயனாளர்களுக்கு லாபமான முடிவு. ஆனால் அந்த முடிவை எடுத்தது நிறுவனம். நாளை வேறு முடிவு எடுக்கும் உரிமையும் அதனிடமே இருக்கிறது.

திறந்த மூல மென்பொருளில் அந்த உரிமை எவர் ஒருவரிடமும் இல்லை. ஜிம்ப் 1995இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள், ஒரு பாடத்துக்கான திட்டப்பணி சரிப்பட்டு வராமல் போன பிறகு எழுதத் தொடங்கியது இது. அவர்கள் பட்டம் பெற்றுச் சென்றார்கள், மென்பொருள் நின்றுவிடவில்லை. மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம், திருத்தியதையும் அதே நிபந்தனையில் பகிர வேண்டும் என்பது அதன் உரிமம். ஒருமுறை கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பெரும்பாலும் தொண்டூழியர்களை நம்பி ஓடும் திட்டம் என்பதால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். 2018இல் 2.10 பதிப்பு வந்தது. 3.0 வர ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆயின.

தமிழில் வடிவமைப்பவர்களுக்கு ஜிம்ப்பில் இன்னொரு நன்மை இருக்கிறது. இதை யாரும் விளம்பரப்படுத்திப் பார்த்ததில்லை. பதாகைகளில் ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பு, ககரத்துக்குப் பின்னால் போய் நிற்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். யுனிகோட் முறையில் ‘கெ’ என்று சேமிக்கும்போது முதலில் ககரமும் அதற்குப் பின் கொம்பும் பதிவாகும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பை நாமே தேடித் தேர்ந்தெடுத்தால்தான் அது நடக்கும். தெரியாதவர் பிழையின்றித் தட்டச்சு செய்தாலும் எழுத்து சிதறிவிடும். ஜிம்ப் இந்த வேலையை ‘ஹார்ஃப்பஸ்’ என்ற திறந்த மூல நிரல் தொகுப்பிடம் விட்டுவிடுகிறது. எந்த அமைப்பையும் மாற்றாமலே கொம்பு தன் இடத்தில் நிற்கும். ஆண்ட்ராய்ட், குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவற்றிலும் தமிழைக் கோப்பது இதே ஹார்ஃப்பஸ்தான். இன்று ஃபோட்டோஷாப்பும் அதைப் பயன்படுத்துகிறது என்பது சுவையான செய்தி. முக்தா மலர், பாலூ தம்பி, ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்களும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. மன்றச் சுவரொட்டிகளின் தலைப்புக்கு என் தேர்வு பாலூ தம்பி. உடல் பெருத்த, சிரித்த முகமுள்ள எழுத்து.

ஜிம்ப்பால் முடியாதவையும் இருக்கின்றன. அச்சகங்கள் கேட்கும் நான்கு வண்ண முறையில் நேரடியாக வேலை செய்ய அதில் வழியில்லை. 3.0 பதிப்பில் அந்த முறைக்கு மாற்றிச் சேமிக்கலாம், அவ்வளவுதான். அந்த வேலைக்குக் கிரிட்டா அல்லது ஸ்கிரைபஸ் நல்லது. இரண்டும் திறந்த மூலம்தான். பிறர் ஃபோட்டோஷாப்பில் செய்து அனுப்பும் கோப்புகளை ஜிம்ப் திறக்கும், ஆனால் எல்லாம் அப்படியே வந்து சேராது. எதிரெதிர் மென்பொருள் வைத்திருக்கும் இருவர் ஒரே சுவரொட்டியில் வேலை செய்வது இன்னமும் தலைவலிதான். விளம்பர, ஊடகத் துறைகளுக்குப் போக நினைப்பவர்கள் ஃபோட்டோஷாப்பைக் கற்றே ஆக வேண்டும். அதைப் பள்ளியின் கணினிக் கூடத்தில் கற்கலாம். லேயர், மாஸ்க், கர்வ்ஸ் என்றால் என்ன என்று ஒரு மென்பொருளில் புரிந்துகொண்டவருக்கு அடுத்தது சில வாரப் பழக்கம்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 முதல் உங்கள் எல்லாரிடமும் தனிப்பட்ட கற்றல் சாதனம் இருக்கிறது. அது ஐபேட் என்றால் ஜிம்ப் ஓடாது. மடிக்கணினி என்றால் புதிய மென்பொருளைப் பதிவதற்குமுன் ஆசிரியரிடம் கேளுங்கள். எதுவானாலும் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் பதிவிறக்குங்கள். 2015இல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளம் ஜிம்ப்போடு வேண்டாத விளம்பர நிரல்களைச் சேர்த்து வழங்கிப் பெரிய சர்ச்சையானது. 2022இல் கூகல் தேடலில் வந்த போலி விளம்பரம் ஒன்று, ஜிம்ப் தளம் போன்ற தோற்றத்தில் தகவல் திருடும் நிரலைப் பரப்பியது. ‘கிராக்’ செய்த ஃபோட்டோஷாப்பைத் தம்ப் டிரைவில் கைமாற்றிக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை என்பது நம் எல்லாருக்கும் தெரியும். பாதுகாப்பு மேம்பாடு நின்றுபோன விண்டோஸ் 10இல் அதைப் போடுவது, பூட்டு உடைந்த வீட்டில் முகம் தெரியாதவரைத் தங்கவைப்பதற்குச் சமம்.

இயங்குதளத்துக்கும் மாற்று உண்டு. லினக்ஸ் மின்ட் 2 ஜிபி நினைவகத்திலேயே ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதி. கணினியில் எதையும் அழிக்காமல் தம்ப் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். நான் அப்படித்தான் ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பதிந்தேன். ஆனால் விண்டோஸை முழுமையாக விட முடியவில்லை. பல்கலைக்கழகத் தேர்வு மென்பொருள் விண்டோஸ், மேக் இரண்டில் மட்டுமே ஓடும். அதனால் ஒரே கணினியில் இரண்டையும் வைத்திருக்கிறேன். விண்டோஸ் தேர்வுக்கு மட்டும்.

கணினி பழையதா இல்லையா என்பதைக் கணினி தயாரிப்பாளர் மட்டும் முடிவு செய்வதில்லை. நம் கல்வி நிலையங்களுக்கும் பங்கு இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். ‘ஃபோட்டோஷாப் கோப்பாக ஒப்படைக்கவும்’ என்று ஒப்படைப்பில் ஒரு வரி இருந்தால், வடிவமைப்புத் துறை அல்லாத மாணவரும் சந்தா கட்ட வேண்டும், புதுக் கணினி தேட வேண்டும். ‘300 புள்ளி அடர்த்தியில் பிடிஎஃப் கோப்பு’ என்று கேட்டால் அவரவர் வசதிக்கேற்பச் செய்துவிடலாம். எங்கள் மன்றத்தில் சென்ற பருவத்திலிருந்து இப்படித்தான் கேட்கிறோம். கை இறக்கிய இருவர் இப்போது குழுவில் இருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்கிறது தேசிய சுற்றுப்புற வாரியம். 2020இல் பள்ளிகள் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறியபோது, ‘எஞ்சினியரிங் குட்’, ‘எஸ்ஜிபோனோ’ அமைப்புகளின் தொண்டூழியர்கள் பிறர் கொடுத்த பழைய மடிக்கணினிகளைச் சீர்செய்து வசதி குறைந்த மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். அலமாரியில் உறங்கும் கணினி பலருக்கும் போதுமானது என்பதை இந்த ஊர் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறது.

மென்பொருளால் சரிசெய்ய முடியாத ஒன்று மிச்சமிருக்கிறது. பழைய மடிக்கணினிகளின் திரையில் நிறம் வெளிறித் தெரியும். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் நிறமே மாறிவிடும். அதை நம்பி மஞ்சளைக் கூட்டினால் அச்சில் எல்லாரும் காமாலை வந்தவர்கள்போல் இருப்பார்கள். அச்சுக்கு அனுப்புமுன் கோப்பை இரண்டு மூன்று கைப்பேசிகளில் திறந்து பாருங்கள். நான் தம்பியின் கைப்பேசியையும் வாங்கிப் பார்ப்பேன்.