‘ஒன்றும் இல்லை’ என்று எழுதுவதும் பணியே

ஒரு பெரும்பணி தொடங்கும் நாளில் ஊழியரிடம் உற்சாகத்திற்குக் குறைவிராது. பணி மூன்றாம் ஆண்டை எட்டும்போதுதான் உண்மையான சோதனை நேர்கின்றது. அப்போது சுற்றறிக்கைகள் பெருகுகின்றன, ஊக்கமோ தேய்கின்றது. இக்குறைக்கு நாம் வழக்கமாகக் கையாளும் மருந்துகள் இரண்டு: ஒன்று சொற்பொழிவு, மற்றொன்று பரிசு. இவை வேண்டா என்பது என் கருத்தன்று. இவை மட்டும் போதா என்பதே என் கருத்து. தம் உழைப்பு என்ன பயன் விளைத்தது என்பதை ஊழியர் கண்ணாரக் காண வேண்டும். கண்டதை அஞ்சாமல் எழுதவும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் ஊக்கம் நிலைபெறாது.

இதற்கு நம் நாட்டுப் பெரியம்மை ஒழிப்புப் பணி சிறந்த சான்றாகும். தேசிய ஒழிப்புத் திட்டம் 1962இல் தொடங்கிற்று. அம்மை குத்தியவர்களின் எண்ணிக்கை ஏட்டில் ஏறிக்கொண்டே சென்றது. நோயோ நாட்டைவிட்டு அகலவில்லை. நோய் கண்ட கிராமத்தைத் தெரிவித்த ஊழியர், “உம் பகுதியில் நோய் எவ்வாறு வந்தது?” என்ற கண்டனத்திற்கு அஞ்ச வேண்டியிருந்தது. ஆகவே மறைக்கப்பட்ட நோயாளிகள் பலர்.

1973ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்காளம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் வீடு வீடாகத் தேடும் முறை மேற்கொள்ளப்பட்டது. அதுகாறும் ஏட்டில் ஏறாதிருந்த நோயாளிகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டனர். 1974இல் நாடு முழுவதும் பதிவான தொகை ஏறத்தாழ 1,88,000. நோய் கடுமையாகப் பரவியதும் உண்மை. தேடல் செம்மையுற்றதும் உண்மை. எனினும், பணி தோற்றுவிட்டது என்று கருதியோர் பலர். பீகாரில் பழைய முறைக்கே திரும்ப வேண்டும் என்ற கருத்தும் எழுந்தது. அந்நாளில் பணியை நடத்தியவர்கள் அவ்வெண்ணிக்கைக்காகத் தேடுவோரைத் தண்டித்திருப்பின், அடுத்த மாதமே எண்ணிக்கை குறைந்திருக்கும், நோய் குறைந்திராது. மாறாக, நோயாளியைக் கண்டு தெரிவிப்போருக்குப் பரிசு அறிவித்தனர். சிறு தொகையாகத் தொடங்கிய அப்பரிசு, நோய் அருகிய 1975இல் 1,000 ரூபாயாயிற்று. கெட்ட செய்தி கொணர்ந்தவரைப் பாராட்டும் இவ்வழக்கமே பணியின் உயிர்நாடி என்பேன்.

1975 மே மாதத்திற்குப் பின் இந்தியாவில் பெரியம்மை கண்டவர் எவருமிலர். ஆனால் நாடு நோயற்றது என உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆணையம் ஏற்றது 1977 ஏப்ரலில்தான். இடைப்பட்ட ஏறக்குறைய ஈராண்டுக் காலம் இல்லாத நோயைத் தேடி ஊழியர் ஊரூராக நடந்தனர். ஊக்கத்திற்கு இதனினும் கடிய சோதனை யாது? நோய் கண்ட குழந்தையின் படம் பொறித்த அட்டையை ஆயிரம் வீடுகளில் காட்டியபின் ஆயிரத்தோராவது வீட்டின் வாயிலில் நிற்கும் ஒருவர், மரநிழலில் அமர்ந்து ஏட்டை நிரப்பிவிடலாம் என எண்ணுதல் இயல்பே. அவ்வாறு நிரப்பிய ஏடுகள் மிகுந்திருப்பின் நாடு பெற்ற சான்றிதழ் பொய்யாகியிருக்கும்.

அதனைத் தடுத்தது அளவுகோலின் மாற்றம். எத்தனை நோயாளிகளைக் கண்டீர் என்று கேட்பதோடு நில்லாமல், எத்தனை வீடுகளை அடைந்தீர், கொப்புளமும் காய்ச்சலும் பற்றிய எத்தனை வதந்திகளைச் சென்று ஆராய்ந்தீர் என்றும் கேட்டனர். அது சின்னம்மை என்று தெளிந்தால் அதுவும் ஒரு பணியாகவே கணக்கில் ஏறிற்று. பின்னர்த் தனியே வேறு சிலர் சென்று, தேடுவோர் வந்தனரா, அட்டையைக் காட்டினரா, பரிசுத் தொகையை மக்கள் அறிவாரா என்று சந்தையிலும் பள்ளியிலும் வினவினர். மாதக் கூட்டத்தில் முடிவுகளை ஊழியர்முன் வைத்து, அடுத்த தேடலைத் திட்டமிட்டனர். அனுப்பிய கணக்கு திரும்பி வந்தது. அதனால் கணக்கிற்குப் பொருள் இருந்தது.

நம் பணிகளில் பெரும்பாலும் நிகழ்வது இதற்கு மறுதலை. மழையளவு, மண்மாதிரி, காய்ச்சல் கணக்கு ஆகிய யாவும் மேலே செல்கின்றன. மீள்வது, “தாமதத்திற்கு விளக்கம் தருக” என்னும் ஓலையே. பயணப்படி மாதக்கணக்கில் நிலுவையில் நிற்க, தியாகத்தைப் பற்றிப் பேசும் கூட்டம் மட்டும் தவறாது நடைபெறுகின்றது. ஊழியரின் சோர்வைச் சோம்பல் என்று பெயரிடுமுன், அவர் அனுப்பிய எண் என்னவாயிற்று என்று யாரேனும் அவருக்குச் சொன்னோமா என்பதை எண்ணிப்பார்த்தல் நலம்.

ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். பெரியம்மைத் தேடலில் பள்ளிப் பிள்ளைகள் தந்த செய்திகள் பெரிதும் உதவின. இன்று பள்ளியில் மழைமானியை நாள்தோறும் பார்த்தெழுதும் மாணவன், கோடையில் நாற்பது நாள் ‘மழை இல்லை’ என்றே எழுத நேரலாம். அந்நாற்பது வரிகளும் சேர்ந்தே வறட்சியின் வரலாறாகின்றன என்பதை, ஆண்டிறுதியில் ஏட்டை விரித்து அவனுக்குக் காட்டுங்கள். மறு ஆண்டு நீங்கள் ஏவாமலே அவன் மானியருகே நிற்பான்.