ஓட்டல் வரட்டும், எட்டு மணி நேரமும் வரட்டும்!

புதுவை நகருக்கு மணப்பெண் அலங்காரம் நடக்கிறது. கடற்கரைச் சாலையில் வரிசை விளக்கு. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர் குடியிருந்த வீதிகளில் சுவருக்குச் சுவர் மஞ்சள் வர்ணம். நேற்றுவரை பூட்டிக் கிடந்த பங்களா வாசலில் இன்று தலைப்பாகை கட்டிய காவலாளி, உள்ளே பத்து அறை, பதினைந்து அறை. சனிக்கிழமை வந்துவிட்டால் சென்னை வண்டிகளும் பெங்களூர் வண்டிகளும் நகரத்துக்குள் நுழைய இடமின்றி நிற்கின்றன. நகரம் வளர்கிறது, முதலீடு வருகிறது, இனி ஓட்டல்தான் புதுவையின் தொழில் என்று மந்திரிகள் பேசுகிறார்கள். வியாபாரிகள் சபையும் அதையே பேசுகிறது.

வரட்டும். ஓட்டலுக்கு நாம் விரோதிகள் அல்ல. வெளியூரான் வந்து தங்கினால் ஆட்டோ ஓடும், மீன் விற்கும், பூ விற்கும், வேட்டி வெளுக்கிறவனுக்கும் நாலு காசு கிடைக்கும். அதை வேண்டாமென்று சொல்ல நாம் யார்? நாம் கேட்பது வேறு. கதிர்காமத்திலிருந்து பொழுது விடியுமுன் சைக்கிளை மிதித்துக்கொண்டும், பங்கு ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டும் கடற்கரைப் பக்கம் போகிறார்களே ஆணும் பெண்ணும், அவர்கள் அந்த ஓட்டலில் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள்? என்ன கூலி வாங்குகிறார்கள்? யாரிடம் வாங்குகிறார்கள்? முதலீட்டுக் கணக்கைக் கோடியில் சொல்கிறவர்கள் இந்த மூன்று கேள்விக்கு மட்டும் வாய் திறப்பதில்லை.

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரன் தன் நகரசபைக் கட்டிடத்துக்கு வைத்த பெயரே 'ஓத்தேல் தெ வீல்'. அவன் பாஷையில் ஓத்தேல் என்றால் படுக்கை வாடகைக்கு விடும் இடம் மாத்திரமல்ல, ஊர்ப் பொதுமக்களின் மாளிகைக்கும் அதுவே பெயர். நாம் மேரி கட்டிடம் என்று சொல்லி வந்த அந்த மாளிகை 2014 நவம்பர் 29-இல் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கிக் கடனுதவித் திட்டத்தில் பழைய சாயலிலேயே மறுபடி எழுப்பி 2021-இல் திறந்தார்கள். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டோம். ஆனால் கல்லும் சுண்ணாம்பும் விழுந்தால் தூக்கி நிறுத்த உலக வங்கி வருகிறது. இதே ஊரில் மில் விழுந்ததே, தூக்கி நிறுத்த எந்த வங்கி வந்தது?

1898-இல் எழுந்தது ரோடியர் மில். பின்னால் ஏ.எஃப்.டி. என்று ஊர் அறிந்த மில். அதன் சங்கு ஊதித்தான் பல குடும்பங்களில் அடுப்பு மூண்டது. முதலாளி கைவிட்டபோது தொழிலாளர் போராடி, 1986-இல் சட்டத்தின் மூலம் அதைப் பொதுச் சொத்தாக்கினார்கள். 2011 டிசம்பர் 30-இல் அடித்த தானே புயல் அதன் கூரையைப் பிய்த்தது. புயல் பிய்த்ததைச் சரிசெய்திருக்கலாம். சர்க்கார் கைவிட்டதை யார் சரிசெய்வது? 2020 ஏப்ரல் 30-இல் கதவு சாத்தப்பட்டது. சவானா மில் என்ற பழைய பெயர் கொண்ட சுதேசி மில், கெப்ளே மில் என்றிருந்த பாரதி மில், இவற்றின் கதையும் வேறல்ல. உழைத்து ஓய்ந்தவர்கள் கிராஜுவிட்டி பாக்கிக்காகத் தெருவில் உட்கார வேண்டி வந்ததை நாம் கண்ணால் கண்டோம்.

மில் மூடினால் நிலம் மூடுவதில்லை. நகரத்தின் நடுவில் கிடக்கும் நிலம் அது. கண்ணுள்ளவன் எவனுக்கும் அதன் விலை தெரியும். 2017-இல் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் புதுவை சேர்க்கப்பட்டதிலிருந்து யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. பஸ் நிலையத்தைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தபோது, 2024-இல் பஸ்களைத் தற்காலிகமாக ஏ.எஃப்.டி. திடலுக்கு மாற்றினார்கள். குபேர் அங்காடியை இடித்துக் கட்டும் பேச்சு எழுந்தபோதும் கடைகளை அந்தத் திடலுக்கே கொண்டுபோக யோசித்தார்கள். அங்காடி வியாபாரிகள் 2023-இல் கடையடைத்து எதிர்த்தார்கள். போனால் திரும்பி வர முடியுமா, திரும்பி வந்தால் தன் இடம் தனக்குக் கிடைக்குமா என்பதுதான் அவர்கள் பயம். அடிக்காசு கொடுத்துத் தரையில் கூடை வைத்து விற்கும் கிழவிக்குப் பட்டாவா இருக்கிறது, நாளைக்குக் காட்டி இடம் கேட்க? நகரத்தை அழகாக்கும்போது முதலில் கணக்கிலிருந்து விழுகிறவள் அவள்தான்.

மில் நிலம் எங்கே போய் முடியும் என்பதற்குப் பம்பாய் ஒரு பாடம். 1982-இல் அங்கே இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் தத்தா சாமந்த் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலைநிறுத்தம் தோற்றது, மில்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. 1991-இல் ஒரு விதி செய்தார்கள். மில் நிலத்தை மாற்றிக் கட்டுவதானால் மூன்றில் ஒரு பங்கு நகரசபைக்குத் திறந்த வெளியாக, மூன்றில் ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்காக, மிச்சம் ஒரு பங்கே உடைமைக்காரனுக்கு என்று. நியாயமான விதி. 2001-இல் அதில் சின்னத் திருத்தம் செய்தார்கள்: பங்கு பிரிப்பது மொத்த நிலத்துக்கல்ல, ஏற்கனவே கட்டிடமில்லாமல் காலியாகக் கிடக்கும் நிலத்துக்கு மட்டும்! ஒரு வரி மாறியது. ஊருக்கு வர வேண்டிய நிலத்தில் பெரும்பகுதி காற்றில் போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2006-இல் அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. லோயர் பரேலில் பீனிக்ஸ் மில் நின்ற இடத்தில் இன்று பெரிய அங்காடி மாளிகையும் வானளாவிய ஓட்டலும் நிற்கின்றன. நூல் நூற்றவன் பேரன் அங்கே கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கிறான் என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆகவே புதுவைத் தொழிலாளி விழித்திருக்க வேண்டிய இடம் அந்த ஒரு வரி. அபிவிருத்தி என்ற தலைப்பு எல்லாக் காகிதத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். விற்பனையா குத்தகையா, எத்தனை வருஷம், யாருக்கு எத்தனை பங்கு என்பதெல்லாம் உள்ளே பொடி எழுத்தில் இருக்கும். பொது நிலம் ஒரு சதுர அடியும் விலைக்குப் போகக் கூடாது. ஓட்டலுக்குத்தான் கொடுப்பதென்றால் காலம் குறித்த குத்தகை, பகிரங்க டெண்டர், குத்தகைப் பத்திரத்தைத் தொழிலாளி படிக்கும்படித் தமிழில் வெளியிட வேண்டும். பழைய மில் தொழிலாளர் பாக்கி தீராமல் மில் நிலத்தில் ஒரு செங்கல்லும் விழக் கூடாது. தண்ணீரும் கணக்கில் வர வேண்டும். நிலத்தடி நீர் உப்பாகிக்கொண்டு வரும் கடலோர ஊரில் நீச்சல் குளத்துக்கு எங்கிருந்து எடுப்பாய் என்று கேட்பது பொறாமையல்ல.

இதெல்லாம் நிலத்தின் பேச்சு. பெரிய பேச்சு உள்ளே வேலை செய்கிற மனிதனைப் பற்றியது.

தோழர்களே, எட்டு மணி நேர வேலை என்பது இந்த மண்ணுக்கு யாரோ தானம் கொடுத்ததல்ல. 1936 ஜூனில் பிரான்சில் மக்கள் முன்னணி மந்திரிசபை ஏறியது. அங்கே தொழிலாளருக்கு வாரம் 40 மணி நேரமும் சம்பளத்தோடு விடுமுறையும் கிடைத்தன. அதே பிரான்சின் கொடி பறந்த புதுவையில் அடுத்த மாதம் நடந்தது என்ன? ஜூலை 30. உரிமை கேட்டு மில்லுக்குள் உட்கார்ந்த தொழிலாளர் மேல் துப்பாக்கிப் பிரயோகம். 12 பேர் பிணமானார்கள். தோழர் வ. சுப்பையா அந்தப் போராட்டத்தைப் பாரிஸ் வரை கொண்டுபோனார். 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் சட்டமாயின. ஆசியாவிலேயே முதலில் என்று இன்றும் மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம்.

அந்தப் பெருமை பேசுகிற ஊரில், ஓட்டல் வரவேற்பு மேஜையில் இரவு முழுக்க நிற்கிற பையன் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறான். சமையற்கட்டில் பாத்திரம் துலக்குகிறவன் காலையில் நாலு மணி நேரம், இரவில் ஆறு மணி நேரம் என்று உடைத்து வேலை செய்கிறான். நடுவே கிடைக்கும் மத்தியான நேரம் அவனுக்கும் பிரயோஜனமில்லை, வீட்டுக்கும் பிரயோஜனமில்லை. அறை கூட்டுகிற பெண்ணுக்கு மணிக் கணக்கே கிடையாது, அறைக் கணக்குத்தான்: இத்தனை அறை முடித்தால் போகலாம். விருந்தாளி பதினொரு மணிக்கு எழுந்தால் அவள் மூன்று மணிக்குத்தான் சாப்பிட வேண்டும். டிசம்பர் கடைசியில் ஆள் போதவில்லை என்று வீடு தேடி வந்து கூப்பிடுகிறார்கள். பொங்கல் கழிந்ததும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்கிறார்கள். ஓட்டல்காரரைக் கேட்டால் காண்டிராக்டர் ஆள் என்கிறார். காண்டிராக்டரைக் கேட்டால் ஓட்டல் வேண்டாமென்றது என்கிறார். எல்லா ஓட்டலும் இப்படியா? இல்லை, ஒழுங்காக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களால் முடிகிறது என்பதே மற்றவர்களுக்கும் முடியும் என்பதற்குச் சாட்சி.

நடைபாதைக் கல் மாறிவிட்டது. மில் சங்கும் நின்றுவிட்டது. ஆனால் ஓட்டலும் ஒரு மில்தான். தறிக்குப் பதில் கட்டில், நூலுக்குப் பதில் விரிப்பு. ஒரு வித்தியாசம் உண்டு: மில்லில் ஆயிரம் பேர் ஒரே வாசலில் நுழைந்தார்கள், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தது, சங்கம் கட்ட வாசலில் நின்றால் போதும். ஓட்டலில் பத்துப் பேர் இங்கே, பதினைந்து பேர் அங்கே, வேறு வேறு வீதி, வேறு வேறு நேரம். அதனால் சங்கம் கட்ட முடியாது என்று நம்முள்ளேயே சிலர் சோர்ந்து பேசுகிறார்கள்.

அவர்கள் பாரிஸைப் பார்க்கட்டும். பாரிஸ் நமக்கு அந்நிய ஊரல்ல, அண்ணனோ மாமனோ அங்கே இல்லாத தெரு புதுவையில் குறைவு. அங்கே பத்தினோல் பகுதியிலுள்ள இபிஸ் ஓட்டலில் அறை கூட்டும் சுமார் 20 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறிய பெண்கள், 2019 ஜூலையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களும் ஓட்டலின் நேரடி ஆட்கள் அல்ல, காண்டிராக்ட் கம்பெனியின் ஆட்கள். வேலைப் பளு, அறைக் கணக்கு, குறைந்த கூலி, எல்லாம் நம் பெண்கள் சொல்லும் அதே குறை. ஓட்டல் வாசலில் மேளம் தட்டி, ஆடிப் பாடி மறியல் நடத்தினார்கள். கொரோனாவால் நடுவே தடைப்பட்டும் விடவில்லை. 22 மாதம் கழித்து, 2021 மே மாதத்தில் கூலி உயர்வும் சாப்பாட்டுப் படியும் வாங்கி, ஒரு மணியில் முடிக்க வேண்டிய அறைகளின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். நேரடி வேலை என்ற கோரிக்கை மட்டும் கைகூடவில்லை. அவர்களில் ஒருவரான ராஷெல் கேக்கே 2022-இல் பிரெஞ்சு தேசிய சபைக்கு உறுப்பினராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். 20 பேர்! நம் நகரத்தில் ஒரு வீதியின் ஓட்டல்களைச் சேர்த்தால் அத்தனை பேர் இல்லையா?

சட்டம் நம் பக்கம் ஒன்றுமே இல்லையென்றும் நினைக்க வேண்டாம். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றி நமக்கு ஆயிரம் சண்டை உண்டு, அந்தச் சண்டை தொடரும். ஆயினும் அவற்றிலேயே தொழிலாளிக்கு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. மிகை நேர வேலைக்கு இரட்டைக் கூலி என்று இருக்கிறது. கடைத் தொழிலாளிக்கு உட்கார இருக்கை கொடுக்கச் சொல்லி 2018-இல் கேரளமும் 2021-இல் தமிழகமும் சட்டம் செய்தன. வரவேற்பு மேஜைக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டால் நட்சத்திர ஓட்டலின் நட்சத்திரம் ஒன்று உதிர்ந்துவிடுமா? புதுவைச் சட்டசபை இதைச் செய்ய எந்த முதலீட்டாளரையும் கேட்க வேண்டியதில்லை. பொது நிலத்தில் வரும் ஓட்டலுக்கோ குத்தகைப் பத்திரத்திலேயே எழுதலாம்: எட்டு மணி நேரம், நியமனக் கடிதம், இ.எஸ்.ஐ., வருங்கால வைப்பு நிதி, அறை கூட்டும் வேலை காண்டிராக்டில் விடக்கூடாது. மீறினால் குத்தகை ரத்து.

உள்ளூர் ஆளுக்கு வேலை என்று கேட்கிறோம். கேட்பது நியாயம், ஊரின் நிலத்தில் எழும் தொழிலில் ஊர்க்காரனுக்கு முதல் இடம் வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து, ஓட்டல் மாடியில் தகரக் கொட்டகையில் எட்டுப் பேராய்ப் படுத்துக் கிடக்கும் பிள்ளைகளைப் பகைவராக நினைக்கிற பேச்சு நம் தோழர்களிடையே கேட்கிறது. நம் பிள்ளைகள் துபாயில் இதே வேலையை இதே கொட்டகையில் படுத்துச் செய்யவில்லையா? குறைந்த கூலிக்கு அவனை அமர்த்துகிறவன் யாரோ அவனிடம்தான் நமக்கு வழக்கு. அவனுக்கும் நமக்கும் ஒரே கூலி என்று வாங்கிவிட்டால் அவனை அங்கிருந்து ரயிலேற்றிக் கொண்டுவரும் லாபம் காண்டிராக்டருக்கு இல்லாமல் போகும்.

கதிர்காமத்துத் தோழர்களுக்கு ஒரு வேலை. கொடி கட்டுவதும் சுவரொட்டி ஒட்டுவதும் கொஞ்சம் இருக்கட்டும். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போங்கள். எந்த வீட்டில் யார் ஓட்டல் வேலைக்குப் போகிறார், எத்தனை மணிக்குப் புறப்படுகிறார், எத்தனை மணிக்குத் திரும்புகிறார், கையில் கடிதம் உண்டா, இ.எஸ்.ஐ. அட்டை உண்டா, சம்பளம் ஓட்டல் தருகிறதா காண்டிராக்டர் தருகிறாரா என்று கேட்டு எழுதுங்கள். பெண்களிடம் கேட்கப் பெண் தோழர்களே போகட்டும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்றுதான் ஓட்டலில் கூட்டம், வீட்டில் ஆளிருக்காது. முதலியார்பேட்டைத் தோழர்களும் உருளையன்பேட்டைத் தோழர்களும் தங்கள் தெருக்களில் இதையே செய்யட்டும். வருகிற ஜூலை 30-க்குள் கணக்கு முடிந்திருக்க வேண்டும். அன்று தியாகிகளுக்கு மாலை போட்டு முடித்ததும் கலைந்து போகாமல், அந்த நோட்டுப் புத்தகங்களோடு நேரே தொழிலாளர் துறைக் காரியாலயத்துக்குப் போவோம்.