உடல் பருமனும் ரத்த சோகையும் ஒருசேர: கேரள மாணவியர் நலனில் கவனிக்கத் தவறிய பக்கம்

திருவனந்தபுரம்: நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகத் தலைநகருக்குள் வரும் காலைநேரப் பேருந்துகள் கரமனையைக் கடந்தே செல்கின்றன. மகளிர் கல்லூரி ஒன்றும் அமைந்துள்ள இப்பகுதியில், முதல் வகுப்பைப் பிடிக்கும் அவசரத்தில் பலரிடமும் முதலில் விடுபடுவது காலை உணவு.

சுகாதாரக் குறியீடுகளில் முன்னணி வகிக்கும் கேரளத்தில் ஒரு முரண் நீடிக்கிறது. 5-ஆவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21), மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 38.1 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். அதே வயதினரில் 36.3 சதவீதம் பேருக்கு ரத்த சோகை உள்ளது. வயிறு நிறைந்தும் ஊட்டச்சத்து சேரவில்லை என்பதே இதன் பொருள். ரத்த சோகைக்கு எதிராக 'விவா கேரளம்' இயக்கத்தை மாநில அரசு 2023-இல் தொடங்கியது.

இரும்புச்சத்து குறைந்தால் சோர்வு, கவனச் சிதறல், எரிச்சல் ஆகியவை தோன்றும். இவை பெரும்பாலும் படிப்பில் அக்கறையின்மை என்றே தவறாகக் கருதப்படுகின்றன. புட்டும் கடலைக் கறியும் மாவுச்சத்தும் புரதமும் இணைந்த நல்ல காலை உணவுதான். ஆனால் உணவுடன் சேர்த்தே தேநீர் அருந்தினால் இரும்புச்சத்தை உடல் ஏற்பது குறைகிறது. அதற்குப் பதிலாக நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ உதவும். காலை உணவைத் தவிர்த்து மாலையில் பழம்பொரி, பரோட்டாவால் பசியாறும் பழக்கமே கவலைக்குரியது.

உடற்பயிற்சியிலும் இதே நிலைதான். பள்ளியில் விளையாட்டுக்குத் தனிப் பாடவேளை உண்டு. கல்லூரியில் அது விருப்பமுள்ளோருக்கு மட்டும் என்றாகிவிடுகிறது. 18 வயதைக் கடந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. 2022-இல் இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 57 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை என 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழின் ஆய்வு தெரிவித்தது. பரபரப்பான நெடுஞ்சாலை ஓரத்தில் நடைப்பயிற்சி செய்யுமாறு மாணவியரிடம் கூறுவது எளிது. அதற்கான இடமும் பாதுகாப்பும் வேறு விஷயம்.

மனநலத்துடனான தொடர்பும் வலுவானது. 218 ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் 'பிஎம்ஜே' இதழ் வெளியிட்ட பகுப்பாய்வில், நடை, ஓட்டம், யோகா, தசைப் பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் குறைப்பது தெரியவந்தது. எனினும் மனச்சோர்வில் இருப்பவருக்கு எழுந்து நடப்பதே பெரும் சுமை. எனவே பயிற்சியை ஆலோசனைக்கும் சிகிச்சைக்கும் மாற்றாகக் கருத இயலாது.

மாணவர்களின் உடல், மன நலம் குறித்த வழிகாட்டுதல்களைப் பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் வெளியிட்டது. மாணவர்களின் மனநலனை ஆராய உச்சநீதிமன்றம் 2025 மார்ச்சில் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. கல்லூரி நிர்வாகங்கள் உடனடியாகச் செய்யக்கூடியது அதைவிட எளிது: கால அட்டவணையில் விளையாட்டுக்கு ஒரு மணி நேரமும், முதல் வகுப்புக்கு முன்பே திறக்கும் உணவகமும். மனநல உதவி தேவைப்படுவோர் 14416 என்ற 'டெலி-மானஸ்' எண்ணைக் கட்டணமின்றித் தொடர்பு கொள்ளலாம்.