அபசகுனக் காகிதம்

சின்னாளப்பட்டி வீதியொன்றில் நின்று 'உயில்' என்று சொல்லிப் பாருங்கள். "விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு இது!" என்று வாயைப் பொத்துவார்கள். மகள் தொட்டிலில் கிடக்கும்போதே அவள் கல்யாணத்துக்கு நகைச் சீட்டுக் கட்டுகிற முன்யோசனைக்காரர்கள்தாம் இவர்கள். நடக்குமோ நடக்காதோ என்றிருக்கிற கல்யாணத்துக்குத் திட்டம் உண்டு. நிச்சயமாக வரப்போகிற சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் அபசகுனம்! இந்த அபசகுனத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். அதுவும் பெண்களின் பொருட்டு எதிர்க்கிறேன்.

"பொம்பளைக்கு என்ன சொத்து இருக்கு, உயில் எழுத?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்த ஊரில் அப்படிக் கேட்கலாமா? தறிக்குத் தார் சுற்றியும், சுங்குடிக்கு முடிச்சுப் போட்டும் பெண்கள் சம்பாதித்த ஊர் இது. பாங்கியில் ஒரு பாஸ் புத்தகம், நாலு பவுன், இரண்டு சென்ட் மனை. இவ்வளவுதான் என்றாலும் அது அவளுடைய சுயார்ஜிதம்.

"எனக்குப் பிறகு, என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத்தானே போகும்?" என்று அவள் நினைக்கிறாள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவைப் பாருங்கள். உயில் எழுதாமல் ஓர் இந்துப் பெண் இறந்தால், அவள் தேடிய சொத்து முதலில் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் போகும். நியாயந்தான். அவர்கள் யாரும் இல்லையென்றால்? பெற்ற தாய்க்கு அல்ல, கணவனுடைய வாரிசுகளுக்கு! அவர்களும் இல்லாதபோதுதான் பெற்றோரின் முறை வரும். உயில் எழுதாமல் இறப்பவன் ஆணாக இருந்தாலோ, அவனுடைய தாய்க்கு மனைவி மக்களோடு சமபங்கு. தாயிலும் இரண்டு ஜாதியா?

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1955-ல் வடநாட்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணமாயிற்று. மூன்றே மாதத்தில் கணவன் இறந்தான். புகுந்த வீட்டார் அவளை விரட்டிவிட்டார்கள். பெற்றவர்கள் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போனாள், சேமித்தாள். 1996-ல் உயில் எழுதாமல் கண் மூடினாள். பாங்கிப் பணத்தையும் பிராவிடண்டு நிதியையும் பெற்ற தாய் கேட்டார். கணவனுடைய சகோதரியின் மக்களும் கேட்டார்கள். 2009-ல் சுப்ரீம் கோர்ட் சகோதரி மக்களுக்கே தீர்ப்பளித்தது. அனுதாபத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதாம்!

சின்னாளப்பட்டியை அடுத்த காந்திகிராமத்தை நினைத்துக்கொள்கிறேன். டாக்டர் சௌந்தரமும் இளம் வயதிலேயே கணவனை இழந்தவர்தாம். பெற்றோர் படிக்க வைத்தார்கள்; மருத்துவரானார். பிறகு ஜி. ராமச்சந்திரனை மணந்து, 1947-ல் அவரோடு சேர்ந்து காந்திகிராமத்தைத் தொடங்கினார். விதவை மகளைக் கைதூக்கி விட்ட பெற்றோரை நாம் மேடையில் புகழ்கிறோம். சட்டத்தில் அவர்களுக்கு இடம், விரட்டிவிட்டவர்களுக்குப் பின்னால்!

2008-லேயே சட்டக் கமிஷன் இந்தப் பிரிவைத் திருத்தச் சொல்லி அறிக்கை கொடுத்தது. 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டே, பெண்கள் உயில் எழுதி வைத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றமே இப்படிச் சொல்லும்போது, "சட்டம் பார்த்துக்கொள்ளும்" என்று சும்மா இருப்பது என்ன விவேகம்?

"பாங்கியில் நாமினி போட்டிருக்கிறேனே" என்பீர்கள். பணத்தை வாங்கிக்கொள்ளும் கைதான் நாமினி; அந்தப் பணம் யாருக்குச் சொந்தம் என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோதான் தீர்மானிக்கும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைக் காகிதம் போதும். எழுதுகிறவர் கையெழுத்தோ கைநாட்டோ இட வேண்டும். அதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகள் சொத்தில் பங்கு பெறாதவர்களாக இருப்பது நல்லது. பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்தால் பின்னால் வழக்கு வரும்போது பலம். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். உயிரோடு இருக்கும்வரை சொத்து அவளுடையதே. எழுதியதால் ஒரு செல்லாக் காசுகூடக் கைமாறாது.

சட்டத்தைத் திருத்த வேண்டியது பார்லிமெண்ட். அதுவரை பொறுத்திருக்கலாம் என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: சாவும் அதுவரை பொறுத்திருக்குமா?