28 நாள் காசும் திருகோணமலை மாணவரும்

பிரித்தானியாவில், லண்டனுக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்க வீசா கேட்கும் மாணவர், மாதம் 1,171 பவுண் வீதம் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும். 2025 நவம்பரில் உயர்த்தப்பட்ட கணக்கு இது. மொத்தம் 10,539 பவுண். ஒரு பவுண் 400 ரூபா என்று வைத்தால் 42 லட்சத்துக்கும் மேல். இன்னும் கட்டாத முதலாண்டுக் கட்டணம் இதற்கு மேலே வரும். இந்தப் பணம் வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள், ஒரு நாள்கூடக் குறையாமல் கிடக்க வேண்டும். இதைப் பற்றிப் பேசும்போது தொகை பெரிது என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். திருகோணமலை மாவட்டத்துக்கு அது பாதிப் பிரச்சினைதான். ஒரு குடும்பத்தின் சொத்து எந்த வடிவில் இருந்தால் வீசா அதிகாரி அதைச் சொத்தாக ஏற்கிறார் என்பது மற்றப் பாதி. இந்த மாவட்டத்து மாணவரைக் கூடுதலாக வடிகட்டுவது இரண்டாவதுதான்.

குடும்பத்தின் சொத்தில் விதிப்படி செல்லுபடியாவது ரொக்கம் மட்டுமே. பங்குகளும் ஓய்வூதிய நிதியும் வங்கி மேலதிகப் பற்றும்கூட ஏற்கப்படுவதில்லை என்றால் வள்ளத்துக்கும் வலைக்கும் வயலுக்கும் நகைக்கும் அங்கே என்ன மதிப்பு இருக்கும்? யாருடைய ரொக்கம் என்பதிலும் கட்டுப்பாடு உண்டு. மாணவரின் கணக்கு, அல்லது பெற்றோர், சட்டபூர்வப் பாதுகாவலர் கணக்கு. பெற்றோர் கணக்கென்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வேண்டும். லண்டனில் இருபது வருடமாக உழைக்கும் தாய்மாமன் தன் கணக்கில் எவ்வளவு வைத்திருந்தாலும் அது கணக்கில் வராது. தமிழ்க் குடும்பங்களில் பிள்ளையின் படிப்புக்குப் பணம் தருவது பெரும்பாலும் மாமன், சித்தப்பா, மூத்த அக்கா. குடும்பம் என்றால் தாய், தந்தை, பிள்ளை என்று எண்ணும் ஒரு சமூகம் எழுதிய விதி இது. அதற்குள் நம் உறவுமுறை அடங்கவில்லை. மாமன் அந்தப் பணத்தை மருமகனின் கணக்குக்கு முறைப்படி மாற்றி, 28 நாள் காத்திருக்கலாம். அது சட்டபூர்வமான வழி. ஆனால் அவ்வளவு பெரிய தொகையை ஒரே நேரத்தில் கைவிட்டுக் கொடுக்கக்கூடிய மாமன் எத்தனை வீட்டுக்கு வாய்ப்பார்?

மாவட்டத்துக்குள்ளேயே இந்த விதி ஒரு கோடு கிழிக்கிறது. துறைமுக அதிகாரசபை, சீனன்குடாவின் ப்ரீமா மாவு ஆலை, டோக்கியோ சீமெந்து, அரசாங்க உத்தியோகம் என்று மாதச் சம்பளத்தில் வாழும் வீடுகளுக்குச் சம்பளத் துண்டு உண்டு, ஒழுங்கான வங்கிக் கூற்று உண்டு. குச்சவெளிக் கடற்றொழிலாளிக்கும் தம்பலகாமத்து விவசாயிக்கும் வருமானம் பருவத்தோடு வந்து பருவத்தோடு போகிறது. ஜனவரி அனுமதிக்கு வீசா விண்ணப்பம் நவம்பர், டிசம்பரில் போட வேண்டும். கிழக்கில் அது வாடைக்காற்றுக் காலம், கடல் கொந்தளிக்கும். பெரும்போகத்துக்கு உழுது விதைத்துப் பசளைக்குச் செலவழித்துக் கை வெறுமையாக இருக்கும் காலமும் அதுதான். செப்டெம்பர் அனுமதிக்கான பணம் கணக்கில் கிடக்க வேண்டிய ஆடி மாதத்திலோ சிறுபோக நெல் இன்னும் வயலில் நிற்கிறது. போருக்கு முந்திய சேமிப்பும் பலருக்கு இல்லை. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களுக்குக் காணி திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015இல். இடைப்பட்ட காலத்தை முகாம்களில் கழித்த ஒரு குடும்பத்திடம் வங்கி வரலாறு கேட்பது எவ்வளவு பொருத்தமில்லாத கேள்வி! காணி உறுதிகள் சிலருக்குப் போரிலும், வேறு சிலருக்கு 2004 சுனாமியிலும் தொலைந்தன. மிஞ்சியதில் கணிசமானது அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி. நினைத்தபடி விற்க முடியாது, வங்கியில் ஈடு வைப்பதும் எளிதல்ல.

இந்த இடைவெளியில்தான் ‘காசு காட்டுவது’ என்ற வியாபாரம் நுழைகிறது. வட்டிக்குப் பணம் கொடுப்பவர் 28 நாளுக்கு ஒரு தொகையைக் கணக்கில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்கிறார். வட்டிக்காக நகை அடகுக்குப் போகிறது. வீசா கிடைத்துப் போய் இறங்கும் மாணவரிடம் அந்தப் பணம் இல்லை, கடன் மட்டும் இருக்கிறது. அதாவது மாணவர் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட விதி, கடனாளியாகவே அவரை விமானம் ஏற்றுகிறது. ரூபாவின் நிலையும் சேர்ந்து விளையாடும். விண்ணப்பிக்கும் நாளின் நாணயமாற்று வீதத்தில்தான் தொகை கணிக்கப்படுகிறது. 2022 மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் ரூபா விழுந்த வேகத்தில், மாத ஆரம்பத்தில் போதுமானதாக இருந்த இருப்பு மாத முடிவில் குறைந்துபோயிருக்கும்.

முகவர் விடயம் இன்னும் மோசம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். படிப்புக்கு ஆள் அனுப்புபவருக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை, ஒரு பெயர்ப்பலகை போதும். அவர் இணைக்கும் போலி ஆவணத்தின் விலையை மாணவரே கொடுக்கிறார். ஏமாற்று நிரூபிக்கப்பட்டால் பிரித்தானியாவில் பத்து ஆண்டுத் தடை, கனடாவில் ஐந்து, போலி ஆவணத்துக்கு அவுஸ்திரேலியாவில் மூன்று. போலி அனுமதிக் கடிதங்களோடு கனடா போய்ச் சேர்ந்த பஞ்சாப் மாணவர்கள் 2023இல் நாடுகடத்தலுக்கு அஞ்சித் தெருவில் இறங்கிப் போராடியதை மறந்திருக்க மாட்டோம். அவர்களை அனுப்பிய முகவர் ஜலந்தரில் தொழில் நடத்தியவர், நாடுகடத்தல் அச்சுறுத்தல் வந்தது மாணவர்களுக்கு.

வரவேற்கும் நாடு தன் பாதுகாப்புக்குக் கேட்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். கேட்பது தவறல்ல. ஆனால் அந்த நாடுகளே ஒரே மாதிரிக் கேட்கவில்லை. ஜேர்மனி ஓராண்டுக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் போடச் சொல்கிறது. மாணவர் போய்ச் சேர்ந்ததும் மாதம் 992 யூரோ வீதம் அது அவருக்கே திரும்பி வருகிறது. கடுமையான விதிதான், ஆனால் நேர்மையானது. இரவல் பணத்துக்கு அங்கே வேலை குறைவு. அவுஸ்திரேலியா 29,710 டொலர் கேட்டாலும் வங்கிக் கடனை ஆதாரமாக ஏற்கிறது. பிரித்தானியாவோ சில நாட்டவரிடம் விண்ணப்பத்தோடு இந்த ஆதாரத்தைக் கேட்பதே இல்லை. 2018இல் அந்தப் பட்டியலில் சீனாவும் நம் பக்கத்து மாலைதீவும் சேர்க்கப்பட்டன. இலங்கை அதில் இல்லை. ஆகவே 28 நாள் விதி மாற்ற முடியாத இயற்கை நியதி அல்ல, நாட்டுக்கு நாடு எடைபோட்டு எடுக்கப்படும் தீர்மானம். அதை மாற்றக் கேட்பது கொழும்பின் இராஜதந்திர வேலை. ஆனால் பிரித்தானியாவின் பதிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

பணமில்லாதவர் ஏன் வெளிநாடு போக வேண்டும், உள்ளூரில் படிக்கட்டுமே என்பது அடுத்த வாதம். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது, உண்மை. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஐந்து வீத மேலதிக ஒதுக்கீட்டுக்குள் திருகோணமலையும் வருகிறது. இங்கே பிறந்த பிள்ளைக்கு ஆரம்பமே சமமில்லை என்று அரசாங்கமே எழுத்தில் ஒத்துக்கொண்ட மாவட்டம் இது. ஆனாலும் உயர்தரத்தில் தகுதி பெற்றும் இடம் கிடைக்காதவர்களே நாடெங்கும் அதிகம். அவர்களில் சம்பளத் துண்டு உள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் இரண்டாவது கதவு திறக்கிறது என்பதுதான் ஆட்சேபத்துக்குரியது. மூளைசாலிகள் வெளியேறுகிறார்களே என்ற கவலையும் நியாயமானது. ஆனால் வட்டிக்கடனோடு போனவரே திரும்பி வர முடியாதவர். கடன் தீரும்வரை எந்த வேலையென்றாலும் அங்கேயே கிடக்க வேண்டியவர் அவர்தான்.

செய்யக்கூடியது உள்நாட்டிலேயே இருக்கிறது. பிரித்தானிய விதி கல்விக் கடன் திட்டத்தின் கீழ் வரும் கடனை ஆதாரமாக ஏற்கிறது. அந்தக் கடனுக்கு 28 நாள் வட்டிக்காரர் தேவையில்லை. இந்தியாவில் ஏழரை லட்சம் ரூபா வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கப்படுவதில்லை, அதற்கென 2015இலிருந்து அரசின் உத்தரவாத நிதி பின்னால் நிற்கிறது. தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளை அந்தக் கடனோடு வெளிநாடும் போகலாம். நம்மிடம் 2017இலிருந்து வட்டியில்லா மாணவர் கடன் இருக்கிறது, அது உள்நாட்டுத் தனியார் பட்டங்களோடு நின்றுவிடுகிறது. அதை வெளிநாட்டுக்கு நீட்டினால் திரும்பாத கடனை யார் சுமப்பது என்று திறைசேரி கேட்கும். இந்திய நிதியும் முழுப் பொறுப்பை ஏற்பதில்லை. நிலுவையில் 75 வீதத்துக்கு உத்தரவாதம் தருகிறது, மிகுதி வங்கியின் தலையில். அதனால் வங்கி ஆளையும் பாடநெறியையும் பார்த்துத்தான் கொடுக்கிறது. மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு வங்கிக் கிளை முகாமையாளர், எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம், முகவர் யார் என்று மாணவரிடம் கேட்கத் தொடங்கினால், பெயர்ப்பலகை முகவர்களில் பாதிப் பேருக்கு அங்கேயே வியாபாரம் படுத்துவிடும். மீதிப் பேருக்கு 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருப்பதுபோன்ற அனுமதிப்பத்திர விதி வேண்டும். பணம் வாங்கியதற்குப் பற்றுச்சீட்டும், போலி ஆவணத்துக்கு மாணவரோடு முகவரும் பொறுப்பு என்ற வாசகமும் அதில் இருந்தால் தொடங்குவதற்குப் போதும்.