எட்டு நிமிடத்தில் ஒரு கம்ப்யூட்டர் மொழி

மளிகைக் கடை பில் ஒன்று. மூன்று பொருள்கள். விலை 60, 45, 120 ரூபாய். வாங்கியது 2, 3, 1. மொத்தம் எவ்வளவு?

கடைக்காரர் வரி வரியாகப் பெருக்கி, கீழே கூட்டிப் போடுவார். வழக்கமான கம்ப்யூட்டர் மொழிகளிலும் இதே கதைதான். முதல் பொருளை எடு, பெருக்கு, மொத்தத்தோடு சேர், பட்டியல் முடிந்ததா பார், முடியவில்லை என்றால் அடுத்ததற்குப் போ என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஏபிஎல் என்ற மொழியில் இவ்வளவுதான்:

+/ 60 45 120 × 2 3 1

என்டர் தட்டினால் 375 என்று விடை வந்து நிற்கும். இந்த மொழி வலமிருந்து இடமாகக் கணக்கிடும். முதலில் இரண்டு பட்டியல்களும் ஜோடி ஜோடியாகப் பெருகி 120, 135, 120 ஆகின்றன. இடப்பக்கம் உள்ள '+/' என்பதற்கு, 'இந்த எண்களுக்கு நடுவே கூட்டல் குறி போடு' என்று அர்த்தம். பொருள்கள் மூன்றானாலும் முந்நூறானாலும் குறிகள் இவையேதான்.

இப்படிப் பட்டியல் முழுவதையும் ஒரே பொருளாகக் கையாளும் மொழிகளுக்கு 'அரே' மொழிகள் என்று பெயர். இவற்றுக்கு மூத்தது ஏபிஎல். உருவாக்கியவர் கென்னத் ஐவர்சன். 1920-ல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பொருளாதார மந்தக் காலத்தில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு வயல் வேலைக்குப் போனார். பிறகு ராணுவத்தில் இருந்தபோது தபால் வழியில் படித்து, கடைசியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அங்கே பாடம் நடத்தும்போது, கணக்கைத் தெளிவாக எழுதிக்காட்ட வழக்கமான கணிதக் குறிகள் போதவில்லை. தானே புதுக் குறிகளை அமைத்துக்கொண்டார். ஏபிஎல் பிறந்தது அப்படித்தான், மாணவர்களுக்கு விளக்குவதற்காக. ஹார்வர்டில் அவருக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. ஐபிஎம் நிறுவனத்துக்குப் போனார். 1962-ல் புத்தகம் வந்தது. 1966-ல் ஐபிஎம் 360 கம்ப்யூட்டரில் மொழி ஓடத் தொடங்கியது. 1979-ல் கம்ப்யூட்டர் துறையின் மிக உயர்ந்த ட்யூரிங் விருது அவரைத் தேடி வந்தது. நல்ல குறியீடு என்பது சிந்திக்க உதவும் கருவி என்பதுதான் அன்றைய விருது உரையின் சாரம்.

சொல்லிக்கொடுக்கப் பிறந்த மொழி என்றாலும், புதியவர்கள் பார்த்ததும் மிரள்வார்கள். காரணம் ⍴, ⌽, ⍳ போன்ற குறிகள். அந்தக் காலத்தில் இவற்றை அச்சிட டைப்ரைட்டரில் தனி உருண்டையே மாட்ட வேண்டியிருந்தது. இதைத் தவிர்க்க, ஐவர்சனும் ரோஜர் ஹூயியும் 1990-ல் சாதாரண கீபோர்டிலேயே எழுதக்கூடிய 'ஜே' என்ற மொழியைக் கொண்டுவந்தார்கள்.

அப்படியானால், இதைப் புதியவர்களுக்கு எப்படி அறிமுகம் செய்வது? இதற்கு நல்ல உதாரணம் ஜான் ஸ்கோல்ஸ் தந்த செயல்விளக்கம். 'டயலாக் ஏபிஎல்' மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவர் இவர். சுமார் எட்டு நிமிட வீடியோதான். குறிகளின் பட்டியலை அவர் ஒப்பிப்பதில்லை. ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறார்: கணித மேதை ஜான் கான்வேயின் 'உயிர் விளையாட்டு'.

கட்டம் போட்ட பலகை. சில கட்டங்களில் உயிர் உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் சுற்றி எட்டு அண்டைக் கட்டங்கள். உயிருள்ள கட்டத்துக்கு உயிருள்ள அண்டைகள் இரண்டோ மூன்றோ இருந்தால் அது பிழைக்கும். காலிக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று இருந்தால் அங்கே புது உயிர் பிறக்கும்.

கட்டம் கட்டமாகப் போய் எண்ணத்தானே தோன்றும்? ஸ்கோல்ஸ் எண்ணுவதில்லை. பலகை முழுவதையும் மேலே, கீழே, பக்கவாட்டில், மூலைவாக்கில் ஒரு கட்டம் நகர்த்துகிறார். நகராத பலகையோடு சேர்த்து ஒன்பது. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கூட்டினால், எல்லாக் கட்டங்களுக்கும் எண்ணிக்கை ஒரே நேரத்தில் கிடைத்துவிடுகிறது! கூட்டல் 3 என்றால் அங்கே உயிர் உண்டு. 4 என்றால், ஏற்கெனவே உயிர் இருந்தால் மட்டும் நீடிக்கும்.

ஒவ்வொரு குறியையும் சேர்த்தவுடன் விளைவு ஸ்க்ரீனில் தெரிகிறது. முடிவில் முழு விளையாட்டும் ஒரே வரி. அந்த வரியை முதலிலேயே காட்டியிருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். படிப்படியாக வளர்ந்ததால் பயமுறுத்தவில்லை.

அனுபவம் இல்லாதவருக்கு நெருக்கமான ஏபிஎல் வரியைப் படிப்பது கஷ்டம்தான். எட்டு நிமிடத்தில் யாரும் அதில் நிபுணராகிவிட முடியாது. ஆனால் ஒவ்வொன்றாக யோசிக்காமல் மொத்தமாக யோசிக்கலாம் என்பது புரிந்துவிடும். பைத்தான் படிக்கும் பிள்ளைகள் 'நம்பை' என்ற பகுதிக்கு வரும்போது இதே யோசனையைத்தான் சந்திப்பார்கள்.

'ட்ரை ஏபிஎல்' இணையதளத்தில், எதையும் இன்ஸ்டால் செய்யாமலே எழுதிப் பார்க்கலாம். இந்த வருடத்தின் ஆறு கரண்ட் பில் தொகைகளை இடைவெளி விட்டு எழுதுங்கள். முன்னால் ⌈/ போட்டால் மிக அதிகமான தொகை வரும். ⌊/ போட்டால் மிகக் குறைந்தது. குறிகளை அங்கேயே மேல்வரிசையில் தொட்டு எடுத்துக்கொள்ளலாம்.