மாடியில் வேப்பிலை, தொட்டியில் காலி: அருப்புக்கோட்டை வட்டாரத்தில் மழைநீர் வீணாவது எங்கே?

மழை பெய்யலைன்னு வருத்தப்படும் ஊர்களில், பெய்த மழையும் வீட்டுத் தொட்டிக்கு வந்து சேராமல் போகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் பல வீடுகளில் இதற்குக் காரணம் மாடிக் குழாயின் வாயை அடைத்து நிற்கும் ஒரு கைப்பிடிச் சருகுதான்.

சட்டம் இருக்கிறதே?

இருக்கிறது. 2003-ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. 2019-ம் ஆண்டு கட்டட விதிகளும் அதை வலியுறுத்துகின்றன. ஆனால், வரைபட அனுமதி வாங்கும்போது இருக்கும் அக்கறை பராமரிப்பில் இருப்பதில்லை. குழாய் பொருத்தியதோடு கடமை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம்.

எவ்வளவு தண்ணீர் போகிறது?

1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 1,000 சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். 10 மி.மீ. மழைக்கு 930 லிட்டர். சேதாரம் போக 750 லிட்டர் கிடைத்தாலும் சுமார் 50 குடம்! குடத்தோடு குழாயடியில் காத்திருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அடைப்பு எப்படி உருவாகிறது?

மாசி, பங்குனியில் வேம்பு இலை உதிர்க்கிறது. கோடை முழுக்க அது மாடியிலேயே காய்கிறது. ஆடிக் காற்று புழுதியையும் குப்பையையும் கொண்டுவந்து சேர்க்கிறது. புளி, சீமைக்கருவேலத்தின் பொடி இலைகள் வலைக்குள்ளும் நுழைந்துவிடும். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் குழாய் வாய்க்கு வருகிறது. ஓட்டு வீடு, தகரக் கூரை வீடுகளில் தாழ்வாரத்து ஓரத் தகரத்திலும் இதே கதைதான்.

அடைத்தால் என்ன ஆகும்?

தேங்கும் நீர் தளத்தில் இறங்கி, சுவரில் ஓதம் ஏறும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல நீரில்தான் முட்டையிடும். ஒன்றிரண்டு வாரத்தில் புதுக் கொசு பறக்கும்.

என்ன செய்யலாம்?

* புரட்டாசியிலேயே மாடியைப் பெருக்கி, சருகை அள்ளிவிடுங்கள். குழாய்க்குள் தள்ளிவிட வேண்டாம். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பாருங்கள்.
* குழாய் வாயில் தட்டை வலையைவிட, கவிழ்த்த கிண்ணம் போன்ற வலை நல்லது. தட்டை வலையை நாலு இலை மூடிவிடும்.
* ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, மறுமுனையில் வருகிறதா என்று சோதியுங்கள்.
* முதல் மழையை வெளியே விடுங்கள். அதில் புழுதியும் பறவை எச்சமும் இருக்கும்.
* ஜல்லி, மணல், கரி போட்ட வடிகட்டியையும் கழுவி வையுங்கள்.
* ஏணி வைக்கும் முன் மின்கம்பி அருகில் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

குழியா, தொட்டியா?

கரிசல் மண் நனைந்ததும் இறுகிக்கொள்ளும். நீர் மெதுவாகவே இறங்கும். பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு வேறு. அதனால் கரிசல் பூமியில் முதலில் தொட்டியில் பிடித்து, மிஞ்சுவதைக் குழிக்கு விடுவதே லாபம்.

மரத்தை வெட்டிவிடலாமா?

வேண்டாம். இந்த வெயிலில் வீட்டைக் குளிர்விப்பதே அந்த வேம்புதான். கூரைமேல் சாயும் கிளையை மட்டும் கழிக்கலாம். சாலையோர மரம் என்றால் அனுமதியில்லாமல் கை வைக்கக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். அதிலும் நல்ல மழை என்பது சில நாள்களே. அந்த நாள்களுக்கு முன் ஒரு துடைப்பமும் அரை மணி நேரமும் போதும்.